தெய்வ மறுப்பு விளம்பரமும் கிறித்தவர் எதிர்வினையும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கடவுள் இல்லை என்று பொது இடத்தில் அறிவிப்பதைச் சமயத்தவர் பெரும்பாலும் அத்துமீறலாகவே கொள்வர். ஆயின், பிறர் வணங்கும் தெய்வத்தை அச்செழுத்தாலும் மேடைப் பேச்சாலும் மறுத்துரைக்கும் வழக்கத்தை ஈழத்துத் தமிழரிடையே பரப்பியோருள் முதன்மையானோர் கிறித்தவ மிஷனரிமாரே. அவர்தம் கண்டனங்களுக்கு விடையாக ஆறுமுக நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியிட்டது 1854இலாகும். அதே ஆண்டில்தான் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழ்க் கூலி மிஷன் தோற்றம் பெற்றது. லயத்து முற்றத்தில் நின்று மாரியம்மனும் முனியாண்டியும் தெய்வங்களல்ல என உபதேசியார் போதித்தமையும் ஒருவகையில் தெய்வ மறுப்புப் பிரசாரமே. ஹாலிஎல, பதுளை சார்ந்த ஊவாத் தோட்டங்களில் கிறித்தவரின் எதிர்வினையை மதிப்பிடுங்கால் இப்பின்னணி மறக்கற்பாலதன்று.

இலங்கையில் தெய்வ மறுப்பைப் பகிரங்க விளம்பரமாக்கியவர் ஆபிரகாம் கோவூர் (1898–1978). இவர் கேரளத்து மார்தோமாத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மைந்தர். 1920களின் இறுதியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்த இவரிடம், மெதடிஸ்த மிஷனைச் சார்ந்த அக்கல்லூரி விவிலிய பாடத்தையும் ஒப்படைத்தது. மாணவர் அனைவரும் பரீட்சையில் தேறினர். மறு ஆண்டு அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பெறுபேறு சிறப்பாயினும் மாணவர் விசுவாசத்தை இழந்துவிட்டனரே என்பது அதிபர் கூறிய காரணமாம். கதை சற்று மெருகேறியிருக்கலாம். எனினும் அதிபர் அவரை வேலையிலிருந்து நீக்கவுமில்லை, அரசிடம் முறையிடவுமில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராயிருந்த கோவூர், மோசடிக்கு இடமில்லாச் சூழலில் அற்புத சக்தியை நிரூபிப்போர்க்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவினார். சோதிடரும் சுவாமிமாரும் மட்டுமன்றி, விசுவாசத்தால் நோய் தீர்ப்பதாகக் கூறிய கிறித்தவப் போதகரும் அவ்வறைகூவலுக்கு இலக்காயினர்.

இலண்டனில் 2009 சனவரியில், கடவுள் அனேகமாக இல்லை, எனவே கவலை விடுக என்னும் வாசகத்துடன் பேருந்துகள் ஓடின. இதுவும் முன்னர் வெளிவந்த கிறித்தவப் பேருந்து விளம்பரமொன்றுக்கு எழுந்த மறுமொழியே. விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கு 300க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் சென்றன; அவை ஏற்கப்படவில்லை. வேறு சில கிறித்தவ அமைப்புகள் தாமும் பேருந்தில் இடம் வாங்கி விடையளித்தன. மெதடிஸ்த திருச்சபையோ, மக்கள் கடவுளைப்பற்றிச் சிந்திக்க இது தூண்டுமெனக் கூறி அம்முயற்சியை வரவேற்றது.

நம் நாட்டுத் திருச்சபைகளிடம் இத்தகைய நிதானம் என்றும் இருந்ததெனக் கூறவியலாது. 2004இல் மதமாற்றத் தடை மசோதா வந்தபோது மனச்சாட்சிச் சுதந்திரத்தை அவை வலியுறுத்தின, நியாயமே. ஈராண்டின்பின், 2006இல், கத்தோலிக்க ஆயர்களின் வேண்டுகோளின்பேரில் ‘டாவின்சி கோட்’ திரைப்படம் தடைசெய்யப்பட்டது. அது நாத்திகப் படமன்று. புண்பட்ட விசுவாசம் அரசின் கையை நாடியமையே இங்குப் பொருள். மதப் பகைமையைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவையுங்கொண்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார மீது, ஒரு சிறுகதைக்காகப் பாய்ந்தது. 2023இல் பிற சமயங்களை இழித்துரைத்தாரென ஒரு கிறித்தவப் போதகரே கைதாயினார். பெரும்பான்மைச் சமயத்துக்கு முதன்மை இடமளிக்கும் அரசியலமைப்பின்கீழ்ச் சிறுபான்மையினர் தண்டச்சட்டத்தைத் துணைக்கழைப்பது தம் கழுத்துக்கே கயிறு திரிப்பதாகும்.

ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களில் கிறித்தவத் தொழிலாளர் சிறுபான்மையுள் சிறுபான்மையினர். சைவர் சூழ, சைவரும் தாமும் பௌத்தப் பெரும்பான்மை மாகாணத்துள் வாழ்பவர். ஆதலின் இங்கு வேறொரு விடை தேடப்பட்டமை வியப்பன்று. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக விரும்பி வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய ‘சேவக செவன’ குருமாணவரைச் சுவர்களுக்குள் அடைக்காது ஏழை மக்களிடையே பயிற்ற முனைந்தது. சமயத்தை முதலாளியின் கருவியென இடதுசாரிகள் சாடிய காலம் அது. தோட்டத் துரைமாரின் நன்கொடையில் வளர்ந்த மிஷனின் வரலாற்றை நோக்கின், அக்குற்றச்சாட்டை முழுப்பொய்யெனத் தள்ளவியலாது. அதற்கு அவர் மறுப்புத் துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நாத்திகரை வாதில் வெல்வதைவிட, பசித்தவன் பக்கம் திருச்சபை நிற்கின்றதா என்பதே அவர்க்கு வினாவாயிற்று. அவர் 1982இல் மறைந்தார்.