எர்துக்ருல்: கரை திரும்பாத மரக்கப்பல்

உதுமானியக் கடற்படையின் போர்களைப் பற்றி நாம் நிறையவே படித்திருக்கின்றோம். எப்போரிலும் பெயர் பெறாத ஒரு மரக்கப்பலைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றோம்.

பேரரசை நிறுவிய உதுமானின் தந்தை எர்துக்ருலின் பெயரைத் தாங்கிய அக்கப்பல், 1863-ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 79 மீட்டர். பாய்களாலும் நீராவியாலும் இயங்கியது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில் கடற்படைக் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. அத்தகைய பழைய கப்பலையே, ஜப்பானிய இளவரசர் கொமாட்சு 1887-இல் வந்து சென்றமைக்குப் பதில் மரியாதையாக, 1889 ஜூலை 14 அன்று ஜப்பானுக்கு அனுப்பினர். தலைமை ஏற்றவர் உஸ்மான் பாஷா.

சூயஸில் தரைதட்டிப் பழுதுற்றது. பின்னர் ஏடன், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் வழியாகச் சென்றது. கலீஃபாவின் கொடி பறக்கும் கப்பலைக் காணப் பம்பாயில் முஸ்லிம்கள் திரள்திரளாக வந்தனர். சுல்தான் விரும்பியதும் அதுவே போலும்! பதினொரு மாதங்களுக்குப் பின், 1890 ஜூன் 7 அன்று யோகோஹாமாவை அடைந்தது.

அங்கே காலரா சில மாலுமிகளைப் பலிகொண்டது. கைப்பணமும் கரைந்தது. புயற்காலம் கழியும்வரை தங்குமாறு ஜப்பானியர் கூறியும், செப்டம்பர் 15 அன்று கப்பல் புறப்பட்டது. அம்முடிவு தவறானதென்றே நாம் கருதுகின்றோம். மறுநாள் இரவு, ஓஷிமா தீவின் கஷினோசாகி கலங்கரை விளக்கத்தருகே பாறைகளில் மோதியது. கொதிகலனுள் கடல்நீர் புகுந்து வெடித்தது. உஸ்மான் பாஷா உட்பட 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பிழைத்தோர் 69 பேர். இருளில் பாறைச்சரிவேறி விளக்கொளியை நோக்கி வந்த அவர்களின் மொழியையோ மார்க்கத்தையோ அத்தீவின் ஏழை மீனவர்கள் அறியார். ஆயினும் தம் ஆடைகளை உடுத்தினர். பஞ்சகாலத்திற்கென வைத்திருந்த வள்ளிக்கிழங்கையும் வளர்த்த கோழிகளையும் சமைத்துக் கொடுத்தனர். கரையொதுங்கிய உடல்களைக் கடல்நோக்கிய மேட்டில் அடக்கம் செய்தனர். ஹியேய், கொங்கோ என்னும் இரு ஜப்பானியக் கப்பல்கள் பிழைத்தோரை ஏற்றி, 1891 ஜனவரியில் இஸ்தான்புல் சேர்த்தன.

1985 மார்ச்சில், ஈரான்–ஈராக் போரின்போது, டெஹ்ரானில் சிக்கித் தவித்த ஜப்பானியர் 215 பேரைத் துருக்கி விமானங்கள் மீட்டன. எர்துக்ருலுக்கான நன்றிக்கடன் என்றே துருக்கியர் பலர் அதனைக் குறிப்பிடுவர்.

2007 முதல் அக்கடலடியில் நடைபெற்ற ஆய்வில், மாலுமிகளுக்கு உணவு சமைத்த செப்புப் பாத்திரமும் கிடைத்தது.