பெட்டோம் துரை கேட்ட விதை

காஞ்சிபுரம் பக்கம் ஐயங்கார்குளம் போயிருக்கிறீர்களா? விஜயநகர மன்னர்களின் குரு தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய ஏரி, சஞ்சீவிராயர் கோயில், பூமிக்குள் இறங்கும் நடவாவிக் கிணறு... அசந்துபோவீர்கள். தொண்டை மண்டலமே ஏரிகளின் தேசம்தான். 1798-லேயே வேடந்தாங்கல் ஜனங்கள் கலெக்டர் பிளேஸிடம் போய், 'எங்க ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது' என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். துப்பாக்கியைத் தடுத்தாயிற்று. விதையை?

1876-ல் சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம், விறகுக்கு ஆகுமே என்று ஓர் அமெரிக்கக் கண்டத்து மரத்தின் விதையைக் கேட்டு எழுதினார். மறு வருஷம் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். அதுதான் சீமைக் கருவேலம்! வேடிக்கை என்னவென்றால், தவளை, பாம்பு, பல்லி என்று காடுகாடாக அலைந்து பல புது இனங்களை உலகுக்குச் சொன்ன மனுஷர் இந்த பெட்டோம்.

ஆடு மாடு காயைத் தின்னும். சாணத்தோடு விதை விழும். அப்புறம் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு எல்லாம் முள்காடு. கோடியக்கரை வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அதைத்தான் இந்த மரம் விழுங்குகிறது. இதில் கொடுமை, வெளிமானும் இந்தக் காயை ருசித்துத் தின்று, போகிற இடமெல்லாம் விதைக்கிறது. பாவம், அதற்கென்ன தெரியும்!

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 'அகற்று' என்றது. 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே போட்டது. ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கோ இந்த மரம்தான் சோறு. வெட்டினாலும் ஆச்சா? அடிக்கட்டை கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.