கைப்பேசிக்குத் தமிழ் வந்த வழி

2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் 'செல்லினம்' என்னும் மென்பொருள் வெளியீடு கண்டது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய அதனை, நம் ஒலி 96.8 வானொலி மக்களிடம் கொண்டு சேர்த்தது. கைப்பேசியில் தமிழ் எழுத்திலேயே குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது அன்று பெருஞ்செய்தி. இன்று நம் பிள்ளைகள் கையில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஆயினும் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டுகிறார்கள். அந்த விசைப்பலகை வந்த வழியை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருந்தால், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையாவது கிடைக்கும்.

கதை கைப்பேசிக்கு முன்பே தொடங்குகிறது. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, தமிழ்ப் பகுதி அவருடைய உழைப்பால் அமைந்தது. அதில் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் லியோங் கோக் யோங்கும் அவருடன் பணியாற்றினர். 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு இங்கேயே நடந்தது. கோவிந்தசாமி 1999 மே மாதம் மறைந்தார். ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவர் இதைச் செய்தார் என்பது, ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இன்றும் பெருமிதம் தருவது.

கணினியில் தமிழ் வந்தபின் கைப்பேசியில் வருவது எளிதுதானே என்று தோன்றலாம். அப்படியில்லை. 2005இல் இங்குப் புழங்கிய பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஜாவா செயலி எழுதுவோர் தம் கணினியில் அதற்குரிய கருவித்தொகுப்பை நிறுவிக்கொள்வர். திரையில் 'எமுலேட்டர்' என்னும் போலிக் கைப்பேசி ஒன்று தோன்றும். அதில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பின் உண்மைக் கைப்பேசியில் ஏற்றினால் ஒன்றில் திரை சிறிது, மற்றொன்றில் விசைகளின் செயல் வேறு, இன்னொன்றில் நினைவகம் போதாது. தொடக்ககால நோக்கியா மாதிரிகள் சில, 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட செயலியை ஏற்கவே மாட்டா. தமிழுக்கோ எழுத்துருவையும் செயலியே சுமந்து செல்ல வேண்டும்! ஒருமுறை எழுதினால் எங்கும் இயங்கும் என்பது ஜாவாவின் முழக்கம். கைப்பேசியில் அம்முழக்கம் பாதிதான் பலித்தது. ஒவ்வொரு மாதிரியையும் கையில் எடுத்துச் சோதிப்பதே வழி.

குறுஞ்செய்தியின் அளவும் ஒரு தடை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, ஒருங்குறியில் 70தான். அந்த 70உம் நாம் வகுப்பில் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு இடத்தைப் பிடிக்கும். 'க்' என்பதற்கும் இரண்டு. ஒரு நலம் விசாரிப்புக்குள் செய்தி முடிந்துவிடும்.

நான் வசிக்கும் செம்பவாங்கில் இதை எண்ணும்போது வேறொன்றும் நினைவில் எழுகிறது. 1938இல் இங்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் வேலை செய்தனர். அத்தலைமுறை ஊருக்குக் கடிதம் எழுதியது. எழுதத் தெரியாதவர் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவித்தனர். தமிழ் எழுத்து அவர்களுக்கு உறவைக் காக்கும் கருவி. கைப்பேசி வந்து, அதில் தமிழ் வராதிருந்த ஆண்டுகளில், பிள்ளைகளின் கை வேறு எழுத்துக்குப் பழகிவிட்டது. அந்த இடைவெளியின் விலையைத்தான் இன்று நம் வகுப்பறைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். செல்லினம் 2009இல் ஐபோனுக்கும் 2012இல் ஆண்டிராய்டுக்கும் வந்தது. ஆண்டிராய்டு 4.0க்கு முந்திய பல கருவிகளில் தமிழ் வெறுங்கட்டங்களாகவே தெரிந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைப்பலகையை உள்ளிணைத்தே தந்தது.

இன்று செயலி எழுதிப் பார்ப்பது மாணவருக்கும் எட்டும் செயல். தாம் எழுதிய செயலியைத் தம் ஐபோனில் சோதிக்க முன்பு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2015இல் எக்ஸ்கோட் 7 வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆண்டிராய்டில் அமைப்புகளுக்குள் சென்று 'பில்டு எண்' என்பதை ஏழுமுறை தட்டினால் உருவாக்குநருக்கான பகுதி திறக்கும். கம்பிவழி கணினியோடு இணைத்துச் செயலியை ஏற்றலாம்.

தமிழ்ச் செயலி செய்ய முனையும் பிள்ளைக்கு நாம் ஆசிரியராக உதவக்கூடிய இடம், எந்தச் சொற்களைக் கொண்டு சோதிப்பது என்பதுதான். 'கோழி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ளுமாறு எழுதப்படாத செயலியோ, பிழையின்றி எழுதிய குழந்தைக்கும் 'தவறு' என்று சிவப்புக் குறி காட்டும். 'ஔவை'யிலும் இதே சிக்கல்: ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டால் வேறுபாடு பார்வைக்கு எளிதில் புலப்படாது. இத்தகைய பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள பழைய கைப்பேசி, புதிய கைப்பேசி, பாட்டியின் பலகைக்கணினி என ஒவ்வொன்றிலும் பிள்ளையையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.