இரு தச்சர், ஒரு சொல்: தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் ‘ஞானம்’

பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்காகவும், நிலம் வாங்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் குடும்பத்துக்காகவும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கும்போது முதலில் வாயில் வரும் சொல் ‘ஞானம்’. ஆனால் அது அன்றாடத்துக்கு உரிய சொல்லே அல்ல என்று ஆய்வுலகில் ஒரு சாரார் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். சரியை, கிரியை, யோகம் ஆகிய படிகளைக் கடந்து கிட்டும் சைவ ஞானத்தின் உயரத்திலிருந்து இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி அதை எடுத்தார். அவர் காலந்தொட்டு ஞானோபதேசம், ஞானஸ்நானம், ஞானத்தாய் என்று அது திருச்சபைக் காரியங்களின் முன்னொட்டாகிவிட்டது. ஆகவே தொழிலுக்கும் குடும்பத்துக்கும் வழி தேடியவர்கள் புத்தாண்டு இரவில் எடுக்கும், வேத வசனம் தாங்கிய வாக்குத்தத்த அட்டையை நாடினார்கள். இதுவே அவர்கள் வாதம்.

இதில் பாதி உண்மை. 1623-இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த தெ நொபிலியின் சொல்லாட்சி சைவத்தோடு உரசிப் பிறந்தது என்பதில் ஐயமில்லை. மறுபாதிதான் சிக்கல். ஒரு சொல்லின் வாழ்வை உபதேச நூல்களின் தலைப்பில் மட்டும் தேடினால் போதாது. வீட்டில் புழங்கும் வேதாகமத்திலும் தேட வேண்டும்.

1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமத்தில் யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தைப் பார்க்கலாம். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய அழைக்கப்பட்ட பெசலெயேல் பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்யத் தெரிந்தவன். அவனுக்கு அருளப்பட்டதை எபிரேயம் ‘ஹொக்மா’ என்கிறது. தமிழ் தயங்காமல் ‘ஞானம்’ என்கிறது. 35-ஆம் அதிகாரத்தில் நூல் நூற்கும் பெண்களின் இருதயத்துக்கும் அதே சொல். சங்கீதம் 107:27-இல் புயலில் கலங்கும் மாலுமிகள் இழப்பதும் ஞானத்தையே.

மூலச் சொல்லுக்கு நேர்ச்சொல் வைத்த இயந்திர வேலைதானே இது என்று கேட்கலாம். இல்லை. ஏசாயா 40:20-இல் இன்னொரு தச்சன் வருகிறான். உளுத்துப்போகாத மரத்தில் விக்கிரகம் செய்பவன். எபிரேயத்தில் அவனுக்கும் அதே வேரிலிருந்து வரும் ‘ஹக்காம்’ என்ற அடைதான். தமிழில் அவன் ‘நிபுணன்’ ஆகிவிடுகிறான். தாவீதின் மகன் அம்னோனுக்குக் கெட்ட யோசனை சொன்ன யோனதாபும் (2 சாமுவேல் 13:3) மூலத்தில் ‘ஹக்காம்’. தமிழில் அவன் ‘தந்திரவாதி’.

மூலத்தில் ஒன்றாக இருந்ததைத் தமிழ் பிரித்திருக்கிறது. கைத்திறனை ஞானத்துக்கு வெளியே தள்ளி அது பிரிக்கவில்லை. திறன் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துப் பிரித்தது. ஆங்கிலத்தைப் பின்பற்றினார்கள் என்ற விளக்கம் இங்கே உதவாது. ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில வேதாகமம் மாலுமிகளின் வசனத்தில் ஒரு மரபுத்தொடரை வைத்து மூலச் சொல்லை மறைத்துவிடுகிறது, தமிழ் மறைக்கவில்லை.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்பதல்ல. கெங்கவல்லி வட்டத்துத் தம்மம்பட்டியில் வாகை மரத்தில் தெய்வ உருவங்களும் கோயில் வாகனங்களும் செதுக்குகிறார்கள். அந்த மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. உளி பிடிக்கும் கை, மரத்தின் ரேகை அறியும் கண் ஆகியவற்றை மட்டும் கருதினால், பெசலெயேலுக்கும் அந்தச் சிற்பிக்கும் எபிரேயம் ஒரே சொல்லைத்தான் தரும். தமிழ் வேதாகமம் வாசித்து வளர்ந்த கிறிஸ்தவருக்கோ, ‘ஞானம் தாரும்’ என்பது திறமையை மட்டும் கேட்கும் ஜெபம் அல்ல; என் திறமையை எதில் செலவிடுவது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. யாக்கோபு 1:5 ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது. அதே நிருபத்தின் 3:13 அதை நடத்தையில் காட்டச் சொல்கிறது. இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒரே மூச்சில் சேர்ந்து ஒலிப்பதற்கு இந்தச் சொல்வரலாறே காரணம் என்று கருத இடமுண்டு. அன்றாடத்தை விட்டு விலகிய சொல்லுக்கு இந்த வேலை வராது. வாக்குத்தத்த அட்டை ஞானத்தின் இடத்தைப் பிடித்தது என்பதும் மிகை. அட்டை எடுக்கும் வீட்டிலும் மறுநாள் காலைக் குடும்ப ஜெபத்தில் ஞானம் கேட்கப்படுகிறது.

ஓரிடம் இந்த வாசிப்புக்கு அடங்காமல் நிற்கிறது. எரேமியா 9:17-இல் தேவனே வரவழைக்கச் சொல்லும் புலம்பல் பெண்கள் மூலத்தில் ஞானிகள். விக்கிரகம் செய்யாத, யாரையும் கெடுக்காத அவர்களைத் தமிழ், தொழிலில் ‘பழகினவர்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நூற்கும் பெண்ணுக்குக் கொடுத்ததை ஒப்பாரி வைக்கும் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. சாவு வீட்டு ஒப்பாரியை அவிசுவாச வழக்கம் என்று ஒதுக்கிய மனநிலை இதன் பின்னே இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், தாங்களே வகுத்துக்கொண்ட அளவுகோலை மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வசனத்தில் கைவிட்டார்கள்; அடுத்த திருத்தப் பதிப்பில் அந்தப் பெண்களுக்கு ‘ஞானம்’ திரும்பக் கிடைக்க வேண்டும்.