800 டாலரும் ஒரு கத்தியும்

போன தடவை ஊருக்குப் போனப்ப சித்தி பையன் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடிக்கிட்டே ஒரு கத்தியைக் காட்டினான். பளபளன்னு இருந்துச்சு. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுத்திருச்சு.

"இது வச்சிருந்தா நல்லா குத்துமாடா?"

"இல்லண்ணா, சாதா கத்தி மாதிரிதான். சும்மா கெத்து."

அங்க ஆரம்பிச்ச யோசனைதான் இந்தப் பதிவு.

மின் லீ, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேர் ஹாஃப்-லைஃப் விளையாட்டை மாற்றியமைச்சு, 1999 ஜூன்ல முதல் பீட்டாவை விட்டாங்க. அப்போ பணயக்கைதிகளை மீட்கிறது மட்டும்தான் ஆட்டம். குண்டு வைக்கிறது அந்த வருஷ நவம்பர்ல, நாலாவது பீட்டாவுலதான் வந்துச்சு. 2000ல விஐபியைக் காப்பாத்துற ஆட்டமும் சேர்ந்துச்சு, ஆனா நிலைக்கலை. பின்னாடி வந்த குண்டுதான் இன்னிக்கு ஆட்டத்தோட உயிர்நாடி!

மையம் சுடுறதும் குண்டும்னா, பக்கத்துல ஓடுற ரெண்டாம் நிலை அமைப்பு பணம். கையில 800 டாலரோட ஆரம்பிப்போம். 1.6ல ஏகே-47 2500, ஆளை ஒரே அடியில சாய்க்கிற ஏ.டபிள்யூ.பி 4750. எதிரியைச் சுட்டா 300. தோத்தாலும் 1400 வரும், தொடர்ந்து தோத்தா அது கூடும். செத்தா துப்பாக்கி போச்சு, பிழைச்சா அடுத்த ரவுண்டுக்கும் அதேதான்.

ஹாஸ்டல்ல கேபிள் இழுத்து ஆடின காலத்துல, காசு சேர்ந்ததும் நான் ஏ.டபிள்யூ.பி வாங்கிட்டு ஓடுவேன். "டேய், சேவ் பண்ணுடா!"ன்னு அஞ்சு பேரும் கத்துவானுங்க :) அவனுங்க சொன்னது சரிதான். இந்த ரவுண்டை விட்டுக்கொடுத்து அடுத்ததை ஜெயிக்கலாம்ங்கிற கணக்கு இல்லேன்னா, இது வெறும் சுடுற போட்டி. பணத்தை எடுத்துட்டா ஆட்டமே வேற ஆகிடும்.

இப்போ கத்திக்கு வருவோம். 2013 ஆகஸ்ட்ல, குளோபல் அஃபென்சிவ்ல 'ஆர்ம்ஸ் டீல்' அப்டேட் வந்துச்சு. துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி 'ஸ்கின்', அது கிடைக்கலாமா கிடைக்காதான்னு ஒரு பெட்டி, பெட்டியைத் திறக்கச் சாவி. சாவிக்குக் காசு நிஜக் காசு. ஸ்கின்னை எடுத்துட்டாலும் ஆட்டத்துல ஒரு தோட்டா கூட மாறாது. ஆனா அதைச் சுத்தி சந்தை வந்துச்சு, சூதாட்டத் தளங்கள் வந்துச்சு. 2016ல அந்தத் தளங்களை நிறுத்தச் சொல்லி வால்வ் கடிதம் அனுப்புச்சு. 2018ல பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் பெட்டி திறக்கிறதையே நிறுத்த வேண்டியதாச்சு.

2025 அக்டோபர்ல இன்னொரு அப்டேட்: அஞ்சு சிவப்பு ரக ஸ்கின் குடுத்தா ஒரு கத்தியோ கையுறையோ வாங்கிக்கலாம். அரிதா இருந்தது அரிது இல்லைன்னு ஆனதும், ஒரே ராத்திரியில கத்தி விலை சரிஞ்சிருச்சு.

எனக்குத் தோணுறது இதுதான். ரெண்டுமே காசுதான். ஆனா அந்தப் பழைய பணம் ஆட்டம் முடிஞ்சா ஒண்ணுமில்லாம போயிடும். அடுத்த ஆட்டத்துல பணக்காரப் பையனுக்கும் 800, எனக்கும் 800. கத்திக்கு அந்த ரீசெட் கிடையாது. அதுல தோத்தா அடுத்த ரவுண்டுக்கு 1400 தர யாரும் இல்லை.

தம்பிக்கு இதைச் சொன்னேன். "அண்ணா, சேவ் பண்ணச் சொல்றியா?"ன்னான்.

ஆமாண்டா, அதேதான்.