சுவான்சௌவில் கானின் ஈச்சுரம்

சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரை நகரான சுவான்சௌவை அராபிய வணிகர்கள் ஸைத்தூன் என்றழைத்தனர். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அப்பெயராலேயே அதைக் குறித்தனர். சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிருந்த இந்நகரின் 22 இடங்களை யுனெஸ்கோ 2021இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வழிகாட்டியுடன் ஒரே நாளில் சுற்றிவருபவர் அவற்றுள் நான்கைந்தைக் கண்டாலே பெரிது.

686இல் தோன்றிய கையுவான் பௌத்த ஆலயத்தில் எல்லோர் பார்வையும் 13ஆம் நூற்றாண்டின் இரட்டைக் கற்கோபுரங்கள்மீதே செல்கிறது. நாம் போகவேண்டிய இடம் பெருமண்டபத்தின் பின்புறம். பதினாறு பட்டைகள் கொண்ட இரு கருங்கல் தூண்கள் அங்கே நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர் இருக்கிறார், கண்ணனும் இருக்கிறான். மண்டபத்தின் முன்மேடையடியில் சிங்கங்களும் மனிதத்தலை கொண்ட சிங்க உருவங்களும் வரிசையாக நிற்கின்றன. "இந்திய வணிகர் கோயிலின் எச்சங்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு எங்கள் வழிகாட்டி அடுத்த முற்றத்துக்கு நடந்தார். நாங்கள் நகரவில்லை.

இவை இந்த மண்டபத்துக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. இந்துக் கோயிலொன்று வீழ்ந்தபின் அதன் கற்கள் நகரெங்கும் சிதறின. மிங் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்களுக்கு அவற்றுள் சில பயன்பட்டன. வேறு சில நகர மதிலுக்குள் புதைந்தன. 20ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது இந்துக் கற்களும் இசுலாமியக் கல்லறைக் கற்களும் கிறித்தவச் சிலுவைக் கற்களும் வெளிப்பட்டன. அவற்றைத் தேடித் திரட்டியவர் வூ வென்லியாங் என்ற உள்ளூர் ஆசிரியர். சுவான்சௌவின் சமயக் கற்களைப் பற்றிய அவருடைய நூல் 1957இல் வெளியாயிற்று. நம்மவர் பெயர் அங்கே எஞ்சியிருப்பதற்கு நாம் நன்றி சொல்லவேண்டியது இத்தகையவர்களுக்கே.

சோழர் சீனத்தில் எழுப்பிய கோயில் என்று இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1956இல் இந்நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. அதன் காலம் சக ஆண்டு 1203, சித்திரை, அதாவது கி.பி. 1281. சோழராட்சியோ 1279உடன் முடிந்துவிட்டது. சுவான்சௌ மங்கோலியர் கைக்கு வந்திருந்த காலம் அது. தவச்சக்கரவர்த்திகள் என்னும் சம்பந்தப் பெருமாள், செகசை கானின் ஆணை பெற்று, அந்தக் கானின் உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பதே கல்வெட்டின் செய்தி. கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அவ்விறைவனின் பெயரை நொபொரு கராஷிமா 'திருக்கானீச்சுரம்' என்று படித்தார். கானின் பெயரால் அமைந்த ஈச்சுரம். ராஜராஜன் பெயரால் ராஜராஜேச்சுரம் அமைந்ததைப் போன்றதுதான். வென்ற மன்னனின் குரல் இக்கல்லில் இல்லை. அயல்நாட்டில், அண்மையில் ஆட்சி மாறிய துறைமுகத்தில், புதிய அதிகாரத்தை அனுசரித்துத் தன் தெய்வத்துக்கு இடம் தேடிக்கொண்ட ஒருவரின் குரலே கேட்கிறது. படையெடுப்புப் பெருமையைவிட இது நமக்கு நெருக்கமாகப் படுகிறது.

1009இல் எழுந்த சிங்ஜிங் மசூதியிலும் இதே கதையின் மற்றொரு பக்கம் உண்டு. ஆனால் அங்கே நிற்பதற்கு எங்களுக்கு நேரம் தரப்படவில்லை. 1357 முதல் 1366 வரை நீடித்த இஸ்பா கலகத்தோடு அயலாரின் செழிப்பு குலைந்தது. பின்னர் மிங் அரசின் கடல்தடை துறைமுகத்தையே ஒடுக்கியது.

மாலையில் கடல்சார் அருங்காட்சியகம். கோயிலின் கற்கள் பல இங்கேதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் யானை தும்பிக்கையால் இலிங்கத்துக்கு மலர் சாத்துகிறது. திருவானைக்காவின் கதையை அறிந்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. உளி பிடித்தவர் சீனராகவே இருந்திருப்பார் என்பது எம் எண்ணம். கதையை அருகிலிருந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.