தங்கவயல் தூசியும் இரண்டடுக்கு மாத்திரையும்

எங்க ஊர் கோலார் தங்கவயல் என்று சொன்னால் எல்லோரும் தங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இன்று நான் சொல்லப்போவது மாத்திரைக் கதை. நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். அதனால் கணக்குப்பிள்ளை பாஷையில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும் வரை, தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் அந்தக் குழிக்குள் இறங்கினார்கள். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசி நெஞ்சில் தங்கி சிலிக்கோசிஸ் வரும். அது வந்த நெஞ்சில் டிபி சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

டிபிக்கு மருந்து வந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்தால் குடும்பம் என்ன சாப்பிடும்? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதற்குப் பதில் தேடியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகும் என்று 1959-ல் காட்டியது. உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக்கொண்டது.

ஆனால் வருஷம் முழுக்கத் தினமும் விடாமல் மாத்திரை விழுங்குவது யாருக்கும் கஷ்டம்தான். வாரம் ஒரு முறை கொடுத்தால் போதுமா என்று அதே மையம் சோதித்தது. ஐசோனியசிட் என்ற மருந்தைச் சிலர் உடம்பு சீக்கிரமே செலவழித்துவிடும். வார மருந்தில் அவர்கள்தான் பின்தங்கினார்கள். அதனால் 1970-களில் மெதுவாகக் கரையும் ஐசோனியசிட்டை ஆராய்ந்தார்கள்.

பிறகு ரிஃபாம்பிசின் வந்தது, கூடவே புதுத் தலைவலியும். வயிற்று அமிலத்தில் ஐசோனியசிட் பக்கத்தில் இருந்தால் ரிஃபாம்பிசின் சீக்கிரம் சிதையும். இரண்டையும் தனித்தனி அடுக்கில் வைத்து, ஒன்று உடனே, மற்றது பிறகு கரையும்படி செய்யலாமே என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். ஆனால் நம் நாட்டு அரசுத் திட்டத்தில் 2017-லிருந்து கொடுப்பது தினசரி சாப்பிடும் சாதாரண கூட்டு மாத்திரைதான்.

அடுக்கு யோசனை நன்றாகக் காலூன்றியது சர்க்கரை வியாதியில். கிளிமிபிரைட் ஒரு அடுக்கு, மெட்ஃபார்மின் இன்னொரு அடுக்கு. முதல் அடுக்கு கைரொக்கம் மாதிரி, உடனே கிடைக்கும். இரண்டாவது, மாதாமாதம் வட்டி தரும் டெபாசிட் மாதிரி. அதிலுள்ள பாலிமர் தண்ணீர் பட்டதும் ஊதிக் கூழாகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

டெபாசிட்டை உடைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். விழுங்க முடியவில்லை என்று பொடி செய்தால் நாள் முழுக்க வரவேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அடுத்த முறை ஊருக்குப் போன் செய்யும்போது, அப்பா அம்மா மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு நிறத்தில் இருந்தாலோ, அட்டையில் எஸ்.ஆர். என்று போட்டிருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.